இடது காலுக்கு வேலையில்லை

பத்தொன்பதடி. டேப் வைத்து அளந்தேன்.
மேல்விஷாரத்தில் அவர்கள் வீட்டு ஷெட்டிலிருந்து
மூக்கை மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டு
காற்றுப் போன நாலு டயரில் உட்கார்ந்திருந்தது.
லிங்கன் என்றார் முனீர் பாய்.
எண்பத்தொன்று மாடல்,
அத்தா கப்பலில் இறக்கியது.

கணக்குப்படி அவர் எனக்கு
ஒரு லட்சத்துப் பதினோராயிரம் தர வேண்டும்.
தோல் ஷாப்பு மூடி இரண்டு வருஷம்.
கணக்கை விட்டுவிட்டுப் பேசினால்
இந்த வண்டி.

கதவைத் திறந்தேன். கதவா அது,
எங்கள் வீட்டு வாசற்கதவு அதைவிட இலேசு.
உள்ளே அத்தரும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை.
"சீட்டெல்லாம் சுத்தமான தோல்" என்றார்
என்னிடம்.

இருபத்திரண்டு வருஷம் தரம் பிரித்தவன் நான்.
உண்ணி கடித்த வடு, முள்வேலி கிழித்த கோடு,
வண்டிக்காரன் கம்பு விழுந்த இடம்,
இருட்டில் தொட்டாலும்
விரல் சொல்லிவிடும் முதலா மூன்றா என்று.
முன் சீட்டைத் தடவினேன். மாடுதான்.
நல்ல மாடு, வேலியையே பார்க்காத மாடு.
பின் சீட்டில் கை வைத்தேன்.
விரல் ஒன்றும் சொல்லவில்லை.
கிள்ளிப் பார்த்தேன்.

"பின்னாடி ரெக்சின்."
முகம் சிவக்கும் என்று நினைத்தேன்,
பாய் சிரித்தார்.
"அத்தாதான் மாத்தினாரு.
வேலூர் வெயிலுக்குத் தோல் வெடிக்கும்னு
தோல் விக்கிறவருக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் அந்தப் பதினோராயிரம்
ரொக்கமாக வேண்டும் என்றேன்.
எட்டுக்கு முடிந்தது.
டீ வந்தது. குடித்தோம்.
முதல்முறையாக அவர் வீட்டு நாற்காலியில்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் கண்ணாடியை இறக்கிவிட்டு
"லிங்கன்றது யாரு, உங்க அப்பாவா?" என்றார்கள்.
ஆமாம் என்றிருந்தால்
மூன்று நடை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் சந்துக்குள் அது நுழையாது.
சத்துவாச்சாரி ரைஸ்மில் முற்றத்தில்
மாசம் நூற்றைம்பதுக்கு நிற்கிறது,
தவிடு மூடிக்கொண்டு.
அமலோற்பவம் ஒரே ஒரு தரம் கேட்டாள்:
"இதுக்கு ஊத்துறதா, நாம உங்கறதா?"
கல்யாண வாடகை என்றேன்.
அவள் டிக்கியைத் திறந்து பார்த்தாள்.
"அடுப்படிய விடப் பெரிசு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஸ்டீயரிங் இடப்பக்கம்.
பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தார்
கைக்கு எட்டுகிறது,
எதிரே வரும் லாரி கண்ணுக்கு எட்டவில்லை.
அதனால் அவளும் கூட வந்தாக வேண்டும்.
வலப்பக்க சன்னலில் தலையை நீட்டி
இரு என்பாள். இரு. இரு. போ.
குடித்தனம் தொடங்கி இத்தனை வருஷத்தில்
அவள் போ என்றதும் நான் போனது
ஆற்காடு ரோட்டில்தான்.

வேலூரை இல்லாததை வைத்துத்தான் சொல்வார்கள்,
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று.
நான் ஒன்று சேர்த்தேன்: கிளட்ச் இல்லாத கார்.
எல்லாவற்றையும் வலது கால் பார்த்துக்கொள்கிறது.
இடது கால் மட்டும்
மக்கான் சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம்
அங்கே இல்லாத ஒன்றை மிதிக்கிறது.
காலை ஏழு மணி ஆனால்
நான் இன்னும் சட்டையைத் தேடுவதுபோல.

முதல் வாடகை வாலாஜாவில்.
மாப்பிள்ளை செல்போன் கடைக்காரன்,
கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான்.
ஏசி ஓடவில்லை, ஓடும் என்று சொல்லியிருந்தேன்.
பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது
சீட்டைத் தடவிப் பார்த்தான்.
"ஒரிஜினல் தோலாண்ணே?"

கண்ணாடியில் அவன் முகம்.
அமலோற்பவம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி" என்றேன்.